பெற்றோர் / பாதுகாவலர்

அக்டோபர் 12, ஞாயிறு

வார விடுமுறை என்று பெயர்தான். ஒன்பது மணிக்கே போர்மேன் போன். பள்ளிவாசல் தெருவில் தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்து கிடக்கிறதாம். போய் இழுத்துக் கட்டிவிட்டு வீடு திரும்ப ஒன்றரை மணி. மாயவரத்தில் இன்னும் மழையே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இப்படி. ஐப்பசி பிறந்தால் எங்களைப் போன்ற ஒயர்மேன்கள் வீட்டில் சாப்பிட்ட மாதிரிதான்.

தமயந்தி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கிறது. இருபத்திரண்டு ஜாக்கெட் பாக்கி. தெருவில் இருக்கிற அத்தனை பெண்களும் கடைசி வாரத்தில்தான் துணியைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதனால் சாம்பார் நான் வைத்தேன். பாப்பா, அதாவது இலக்கியா, சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். ஒரு வெங்காயத்துக்கு எட்டு நிமிஷம். ரெண்டாம் வகுப்புக்கு அந்த வேகம் போதும்.

சாயந்திரம் தம்பி மதியழகன் ஓசூரிலிருந்து போன் பண்ணினான். சனிக்கிழமை சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம்.

மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாயை எடுக்க மறந்துவிட்டோம். தூறலில் நனைந்துபோயிற்று.

அக்டோபர் 13, திங்கள்

தம்பி போன் பண்ணியதை நேற்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். மீதியை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இலக்கியா அவன் பெற்ற பெண். அவளுடைய அம்மா பவானி, பிரசவம் ஆன ஆறாம் நாள் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். காரியம் முடிந்த அன்று மதி குழந்தையைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்து தமயந்தி மடியில் வைத்தான். "நான் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் வெச்சிருங்க அண்ணி" என்றான். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பத்து வருஷம். குழந்தை இல்லை. தமயந்தி வாயைத் திறந்து சரி என்றுகூடச் சொல்லவில்லை. கழுத்து நிற்காத குழந்தை என்பதால் தலைக்கு அடியில் கையை மட்டும் கொடுத்தாள்.

பேச்சு வந்ததும் எங்களை அம்மா, அப்பா என்றாள். திருத்த வேண்டும் என்று நானும் தமயந்தியும் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டதோடு சரி. வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை மதி வருவான், கவுன் வாங்கிக்கொண்டு. அவனை சித்தப்பா என்பாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவன் பிஸ்கட் பாக்கெட் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்து முடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கொல்லைப் பக்கம் போனான்.

எங்கள் அப்பாவுக்குத் தமிழ்ப் பெயர் என்றால் உயிர். எனக்கு மருதவாணன், அவனுக்கு மதியழகன். ரெண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். அதனால் நோட்டில் 'ம. இலக்கியா' என்று எழுதும்போது பாப்பாவுக்கு இதுவரை எந்தக் கேள்வியும் வந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன் மதி சுகன்யாவைக் கட்டிக்கொண்டான். ரெண்டு பேரும் ஓசூரில் கம்பெனி வேலை. சொந்தமாக ரெண்டு அறை வீடு. அவன் ஒரு நிலைக்கு வந்துவிட்டான் என்று சொல்லத்தான் வேண்டும்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் தமயந்தியிடம் சொன்னேன்.

"மதி வர்றது பாப்பாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு."

மிஷினை நிறுத்தினாள். "எத்தனை நாளைக்கு?"

"இனிமே அங்கதான்."

ஊசியிலிருந்து நூலை உருவினாள். "கலர் மாத்தணும்" என்றாள். வேறு நூற்கண்டைத் தேடி எடுத்து, மூன்று தடவை முயற்சி பண்ணிக் கோத்தாள். பிறகு, "அவகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான் சொல்றேன்."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுப் பள்ளிக்கூடம் போனேன், மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க. பெற்ற அப்பா என்ற முறையில் தன் சம்மதக் கடிதத்தை மதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பதிவேட்டில் அப்பா பெயர் அவனுடையதுதான். சேர்க்கும்போதே பிறப்புச் சான்றிதழ்படி போட்டுவிட்டோம். டீச்சர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொண்டதில்லை.

தலைமை ஆசிரியை படிவத்தை நீட்டினார். "இங்க கையெழுத்துப் போடுங்க சார்."

'பெற்றோர் / பாதுகாவலர்' என்று அச்சடித்திருந்தது. ரேங்க் கார்டிலும் இதேதான் இருக்கும். மூன்று வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன். ரெண்டில் ஒன்றை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன. அடித்ததில்லை.

"ஒண்ணை அடிச்சுடுங்க சார். இதை ஆபீஸுக்கு அனுப்பணும்" என்றார்.

அடித்தேன். பேனா சரியாக எழுதவில்லை, ரெண்டு தடவை கோடு போட வேண்டியிருந்தது.

பள்ளி விட்டதும் பாப்பாவை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சொல்வதற்கு நல்ல இடம். வண்டியை அணைத்துவிட்டு, "பாப்பா, சித்தப்பா இருக்காருல்ல" என்று ஆரம்பித்தேன்.

"சனிக்கிழமை வர்றாருல்ல? அம்மா சொல்லிச்சு. அப்பா, நீ அவருகிட்ட சொல்லு, எனக்கு கவுன் வேணாம். எல்லாம் சின்னதாவே வாங்கிட்டு வர்றாரு. அவருக்கு நான் எவ்ளோ வளந்தேன்னே தெரியல."

கூட்ஸ் வண்டி நீளமாகப் போயிற்று. அவள் பெட்டிகளை எண்ணினாள். நாற்பத்தொன்று என்றாள். நான் சரி என்றேன். கேட் திறந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சாயந்திரம் நாலரைக்கு சுகன்யா தமயந்திக்குப் போன் பண்ணினாள். தைக்கும்போது தமயந்தி போனை ஸ்பீக்கரில் போட்டு மிஷின் மேல் வைத்துவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உடம்பு இப்ப எப்படி இருக்கு? ஆபரேஷன் பண்ண இடத்துல வலி ஏதும் இல்லையே?"

"என்ன ஆபரேஷன்?"

"பித்தப்பைக் கல்லுன்னு மாமா சொன்னாங்களே அக்கா. வைகாசியில, ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடியே பாப்பாவைக் கூட்டிக்கிறோம்னு கேட்டப்ப, உங்களுக்கு ஆபரேஷன், காலாண்டு முடியட்டும்னு சொன்னாங்க. வந்து பாக்குறேன்னு சொன்னேன், மாமாதான் வேணாம்னுட்டாங்க. மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு."

தமயந்தி என்னைப் பார்த்தாள். டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றாள் போனைப் பார்த்து. "இப்ப பரவாயில்லை. நல்லா ஆயிடுச்சு."

பிறகு சுகன்யா பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்டாள். இவளும் நிதானமாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கம்ங்க தழும்பு?"

"தமயந்தி..."

"வலது பக்கமா, இடது பக்கமா? சொல்லி வைங்க. சனிக்கிழமை அந்தப் பொண்ணு கேட்டா நான் தடுமாறக் கூடாதுல்ல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சுத்தப் பொய் என்று சொல்ல முடியாது. நாலு வருஷத்துக்கு முன் தமயந்திக்கு வயிற்றுவலி வந்து ஸ்கேன் எடுத்தது உண்மை. கல் இருந்தாலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உண்மை. மதி கேட்டபோது அதுதான் வாயில் வந்தது. தமயந்தியிடம் சொல்லத்தான் இருந்தேன். ஆனி மாதம் பாப்பாவுக்கு அம்மை போட்டது. ஆடியில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருமோ என்று பேச்சு இருந்தது. ஆவணியில்... சொல்லும்படியான நேரம் வரவில்லை.

இதைத்தான் அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தாள்.

"ஆடி மாசம் தரையில மை கொட்டினான்னு முதுகுல ஒண்ணு வெச்சேன்" என்றாள். "அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சிருந்தா வெச்சிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. பதினாறு கம்ப்ளெயின்ட். பாப்பாவிடம் சொல்ல நேரம் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நாளைக்கு ஐப்பசி ஒன்று. காவிரியில் துலா ஸ்நானத்துக்குக் கூட்டம் வரும். துலாக் கட்டத்தில் தற்காலிக விளக்குக் கம்பங்களுக்கு இணைப்புக் கொடுக்கிற வேலை. என்னைப் போடவில்லை. குணசேகரனைப் போட்டிருந்தார்கள். நான்தான் போய் மாற்றிக்கொண்டேன். "உனக்கு சனிக்கிழமை வீட்ல ஆள் வருதுன்னு லீவு கேட்டியேப்பா, இன்னிக்காவது சீக்கிரம் போயேன்" என்றார் போர்மேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, ஈரத்தில் வழுக்குகிற படிகளில் ஏணியைத் தூக்கிக்கொண்டு நாலு மணி நேரம் நின்றேன். வேலை சுத்தமாக முடிந்தது.

ஆறரை மணிக்கு எங்கள் தெருவிலேயே கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்பார்மரில் பியூஸ். அங்கிருந்து நேரே வந்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் மழை விட்ட சாலையில் கூடி நின்றார்கள். கரண்ட் போனால் அவர்கள் இலக்கியாவைத்தான் பிடிப்பார்கள்: "உங்க அப்பாகிட்ட சொல்லி விடச் சொல்லுடி." அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் காட்டிய இடத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரையும் அந்த இடத்தைத் தாண்ட விடவில்லை. பியூஸ் கட்டி ஹேண்டிலைப் போட்டதும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் வெளிச்சம். அவள் திரும்பி எதிர்வீட்டுப் பெண்ணிடம், "பாத்தியா, எங்கப்பா!" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அந்தச் சொல் காதில் இருக்கும்போது எப்படிச் சொல்வது. இன்றைக்கும் சொல்ல முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். எழுதி வைக்கிறேன்.

தமயந்தி மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு பாப்பாவுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சள், கரும்பச்சைக் கரை. உள்பக்கம் மூன்று மடிப்பு வைத்திருக்கிறாள். எதற்கு இத்தனை என்று கேட்டேன். மூன்று நாளில் முதல் தடவையாகப் பதில் சொன்னாள்.

"வருஷத்துக்கு ஒண்ணு பிரிச்சு விட்டுக்கலாம்."

அக்டோபர் 18, சனி

பதினொரு மணிக்கு வந்தார்கள். மதி சிநேகிதனுடைய காரை வாங்கிக்கொண்டு ஓட்டி வந்திருந்தான். முன்பக்கம் முடி நரைத்துவிட்டது. என்னைவிட எட்டு வயது சின்னவன். சுகன்யா ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள். வந்ததும் தமயந்தி கையைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சுட்டீங்களே அக்கா" என்றாள். தமயந்தி, "உள்ள வாம்மா" என்றாள்.

சாப்பாடு ஆயிற்று. பாப்பா எல்லோருக்கும் அப்பளம் வைத்தாள். கவுன் வாங்கி வரவில்லை என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்கு ரெண்டு. கை கழுவிவிட்டு அவள் தெருவில் விளையாடப் போனதும் மதி கேட்டான்.

"சொல்லிட்டீங்களா அண்ணே?"

"இல்லைடா. மழை, வேலை..."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் எதிர்பார்த்தவன் மாதிரி தலையாட்டினான். "நான் ஒண்ணு யோசிச்சேன். தீபாவளிக்கு சித்தப்பா வீட்டுக்குப் போறோம்னு சொல்லியே கூட்டிட்டுப் போறேன். அங்க போனப்புறம் மெதுவா நாங்க சொல்லிக்கிறோம். இங்க எல்லாரும் அழ வேணாம்."

"அதுவும் சரியாத்தான் படுது" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த தமயந்தி நிமிர்ந்தாள்.

"வேணாம் தம்பி. பொய் சொல்லி வண்டியில ஏத்திவிட்டா, அங்க போய் அழும்போது எங்கம்மா என்னை ஏமாத்தி அனுப்பிடுச்சுன்னு அழுவா. எப்படியும் அழத்தான் போறா. தெரிஞ்சுக்கிட்டு அழட்டும்." என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆயிருக்கு. அது போதும்."

சுகன்யாவுக்குப் புரியவில்லை. மதிக்குப் புரிந்ததா தெரியாது.

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பாப்பாவைக் கூப்பிட்டாள். பீரோவிலிருந்து மதி, பவானி கல்யாண போட்டோவை எடுத்தாள். கூடத்தில் பாயைப் போட்டு அவளை எதிரே உட்கார வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம், இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரி.

"இது யாரு, சொல்லு."

"பவானி சித்தி. செத்துப் போயிட்டாங்க."

"இவங்கதான் உன்னைப் பெத்தாங்க."

பாப்பா போட்டோவைப் பார்த்தாள். "அப்படின்னா?"

"அவங்க வயித்துலதான் நீ இருந்தே. என் வயித்துல இல்ல. நீ பொறந்த கொஞ்ச நாள்ல அவங்க செத்துப் போயிட்டாங்க. உங்க அப்பாவால தனியா வெச்சுப் பாத்துக்க முடியல. அதனால என்கிட்ட கொடுத்தாரு."

"எங்க அப்பாவா?"

"சித்தப்பான்னு கூப்பிடுறியே, அவருதான் உன் அப்பா."

அவள் மதியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் அப்போது சீலிங் ஃபேனைப் பார்த்தேன். கண்டென்சர் போய்விட்டது, மெதுவாகத்தான் சுற்றுகிறது. தீபாவளி கழித்து மாற்ற வேண்டும்.

"அப்ப நீ யாரு?" என்று தமயந்தியைக் கேட்டாள்.

"பெரியம்மா."

"இவரு?"

"பெரியப்பா."

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு?"

"தெரியும்டா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ம்."

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

சுகன்யா எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

பாப்பா அழவில்லை. எழுந்து தையல் மிஷினுக்குப் பின்னால், துணிமூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் வரவில்லை. தமயந்தி, "விடுங்க" என்றாள். மதி போய் அந்தச் சந்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. தொடவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல். வெளியே மழை வந்து விட்டுவிட்டது. வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வெளியே எறிந்தாள். அவன் அதையெல்லாம் பொறுக்கி மடித்து அடுக்கி வைத்தான். கலர் வாரியாக அடுக்கினான்.

"கால் மரத்துப் போச்சா உங்களுக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆமா பாப்பா."

"எழுந்து உதறுங்க. எங்க அப்பா அப்படித்தான்..."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"சரி" என்று மதி எழுந்து காலை உதறினான். அவன் முகம் என் பக்கம் இருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று.

ஏழு வருஷமாக இவனைப் பற்றி நான் மனதுக்குள் என்னென்னவோ நினைத்திருக்கிறேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஏழரை மணிக்குப் போய்விட்டார்கள். மதிக்கு நாளை ஒரு நாள்தான் லீவு. செவ்வாய்க்கிழமை ஓசூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

விடிந்ததும் தமயந்தி பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, ரெட்டைச் சடை போட்டாள். சடை போடும்போதே சுகன்யாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள், பார்த்துக்கொள்ளட்டும் என்று.

"உச்சந்தலையில சுழி இருக்கு, வகிடு கோணலாத்தான் போகும். இழுத்து நேராக்காதே, வலிக்கும். கத்திரிக்காய் சாப்பிட மாட்டா. நசுக்கிக் குழம்புல விட்டா தெரியாது. சளி பிடிச்சா மூக்கைச் சிந்தத் தெரியாது, இன்னும் சொல்லிக் கொடுக்கல. இடி இடிச்சா அவ காதைப் பொத்திக்க மாட்டா, நம்ம காதைப் பொத்துவா. கையைத் தட்டிவிட்டுடாதே."

சுகன்யா போனில் குறித்துக்கொண்டே வந்தாள். நடுவில் போனைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, அவ என்னை அம்மான்னு கூப்பிடணும்னு நான் நினைக்கல."

"கூப்பிடுவா. கொஞ்ச நாள் ஆகும். கூப்பிடுற அன்னிக்கு அழுதுடாதே, பயந்துக்குவா."

தடுப்பூசி அட்டை, ரேங்க் கார்டு, புதுப் பாவாடை, பழைய போர்வை எல்லாவற்றையும் நான் காரில் ஏற்றினேன். பாப்பா பின்சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தாள். தமயந்தி குனிந்து அவள் நெற்றியில் திருநீறு பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டாள். பாப்பா கையை நீட்டி அவள் தாலிக்கயிற்றைப் பிடித்தாள். கைக்குழந்தையில் அப்படித்தான் பிடித்துக்கொண்டு தூங்குவாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். தமயந்தி விரல்களைப் பிரிக்கவில்லை. அவளாகவே விட்டாள்.

நான் கதவைச் சாத்தப் போனேன்.

"ஓசூர்ல கரண்ட் போனா?" என்று கேட்டாள்.

"அங்கயும் ஒயர்மேன் இருப்பாங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நேற்று முன்தினம் வரைக்கும் என்னை நீ, உனக்கு என்றுதான் பேசுவாள்.

"தெரிஞ்சவங்கதான்" என்றேன். "சொல்லி வைக்கிறேன்."

மதி என் காலைத் தொட்டான். நான் தூக்கி நிறுத்தினேன். "வைகாசியிலேயே அனுப்பியிருக்கணும்டா" என்றேன். "தெரியும்ணே" என்றான். அவ்வளவு நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறான்.

கார் திரும்பியதும் தமயந்தி உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஒன்பது ஜாக்கெட் பாக்கி. ஆறு மணிக்குள் அத்தனையும் முடித்து, தேய்த்து மடித்து, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

நான் எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேன். தமயந்தி கிண்ணத்தோடு வந்து மணையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். புதன்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னைத் தொடுகிறாள்.

தேய்த்துக்கொண்டே, "வைகாசியில சொல்லியிருந்தீங்கன்னா, அவளைத் தூக்கிட்டு எங்கயாச்சும் போயிருப்பேன்" என்றாள். "அதுக்குப் பயந்துதான் சொல்லலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த பதில்.

"இல்ல. உனக்காக இல்ல. எனக்குத்தான்..."

அவள் கை கொஞ்ச நேரம் என் தலை மேலேயே இருந்தது. பிறகு சீயக்காயைக் கரைத்து, வெந்நீரை மொண்டு ஊற்றினாள். அது ஒரு வசதி. தண்ணீர் ஊற்றும்போது முகம் எப்படி இருந்தாலும் தெரியாது.

பத்து மணிக்கு மதி வீடியோவில் கூப்பிட்டான். பாப்பா மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள். மத்தாப்பு கொளுத்தியதாம். அங்கே குளிருகிறதாம். சுகன்யாவுடைய அப்பா அவளுக்குச் சுருள் கேப் வாங்கிக் கொடுத்தாராம். நன்றாகத்தான் பேசினாள். முகம் மட்டும் வீங்கியிருந்தது. பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, ஒன்பது நிமிஷத்தில் எங்கள் ரெண்டு பேரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "நான்தான் பேசறேன்" என்று ஆரம்பித்து, "சரி, வைக்கிறேன்" என்று முடித்துவிட்டாள்.

தமயந்திக்கும் தோன்றியிருக்கும். "பாவாடை உயரம் சரியா இருக்கு" என்றாள்.

மதியம் பட்டாசு பட்டு ஒரு சர்வீஸ் ஒயர் கருகிவிட்டது என்று கம்ப்ளெயின்ட். போய் மாற்றினேன்.

நவம்பர் 6, வியாழன்

பதினாறு நாள் எழுதவில்லை. மழை நாலு நாள் விடாமல் அடித்தது. பத்துக் கம்பம் சாய்ந்தது. தமயந்தி எதிர்வீட்டுப் பெண்ணுக்கு சாயந்திரங்களில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். ராத்திரி ரெண்டு பேருக்கும் ஆறு இட்லி போதும் என்று ஆகிவிட்டது. கை பழக்கத்தில் ஒன்பது வேகிறது.

இன்று சாயந்திரம் பாப்பா போன் பண்ணினாள். சிரிப்புச் சத்தம் முதலில் வந்தது. புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தினமும் இவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கிறானாம். கன்னடம் கலந்து பேசுகிறானாம், இவளுக்குப் புரியவில்லையாம். நேற்று சடையைப் பிடித்து இழுத்துவிட்டானாம்.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"இல்ல. அப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்பா நாளைக்கு வந்து மிஸ்கிட்ட பேசறேன்னு சொன்னாரு."

இதைச் சொல்லும்போது அவள் எந்த இடத்திலும் தயங்கவில்லை. சாதாரணமாக, ஓடுகிற பேச்சில் வந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தமயந்தி மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றேன். "அப்பாகிட்டதான் சொல்லணும்."